நாரத்தங்காய்க்குப் போகும் பழைய வழி

எனக்கு எழுத்து வாசனை கிடையாது. நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் இதைத் தட்டுகிறாள். கிழக்கேகோட்டையில் எங்கள் வீட்டு ஊறுகாயை விற்க இணையத்தில் கடை போட்டதும் அவள்தான். முதலில் ஒவ்வொரு ஊறுகாய்ப் பக்கத்தின் விலாசமும் வெறும் எண். பதினேழு என்றால் மாவடுவா எலுமிச்சையா, யார் கண்டார்கள்? அதனால் சர்வரில் ஒரு நிரல் எழுதினாள். பெயரைக் கொடுத்தால் போதும். இடைவெளியில் சிறு கோடு போட்டு, எண்ணைக் கடைசியில் ஒட்டி, வாசிக்கிற மாதிரி விலாசமாக்கிவிடும். தலைவாரிப் பின்னிப் பூ வைத்த மாதிரி! எனக்கு ஒரே குதூகலம்.

பெயர்களை நான்தான் சொன்னேன். நாரத்தங்காய் மட்டும் என் கணவர் போடுவது. அவர் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை. “அவரோட நாரத்தங்காய்” என்றேன். அப்படியே விலாசத்தில் ஏறிவிட்டது. அவர் சிரித்த சிரிப்பு! அந்த விலாசத்தை என் போனுக்கு அனுப்பி, கீழே குரல் செய்தியும் பேசி வைத்தார்.

போன ஆடியில் அவர் போய்விட்டார். நாரத்தங்காயும் பட்டியலிலிருந்து போயிற்று. பக்கம் மட்டும் உள்ளே கிடந்தது. ஒருநாள் மருமகள் சொன்னாள்:

“அம்மா, அந்தப் பழைய விலாசத்துக்குத் தெனம் மூணு மணிக்கு யாரோ வரா. ஒண்ணும் வாங்கறதில்லை. அடைச்சுடட்டுமா?”

மூன்று மணி, அவர் ஜாடியைக் குலுக்கும் நேரம்.

“அடைக்காதேடி. அவர்தான்.”

“சும்மா இருங்கோம்மா! அவருக்கு அங்கே நெட் கனெக்ஷன் யார் குடுத்தா?”

“நீ சிரி. அடைச்சா அவர் எங்கே போவார்?”

மறுநாள் அவளுக்கு லீவு. லேப்டாப்போடு என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். மூன்று மணிக்கு, “வந்தாச்சு!” என்று கத்தினவள், என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். அவர் குரலைக் கேட்கத்தான் நான் தினமும் அந்த நேரத்துக்கு அதை அமுக்குவேன். விரல் முதலில் மேலே விலாசத்தில் விழும். ஜாடிப் படம் விரியும், தள்ளிவிடுவேன்.

“தெனம் வர ஆள் நீங்களாக்கும்!”

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அடுத்த நாள் தங்கையை ரயிலேற்றத் தம்பானூர் போனேன். சாயங்காலம்தான் திரும்பினேன்.

“இன்னிக்கும் கரெக்டா மூணு மணிக்கு வந்துட்டேள் அல்லே?” என்றாள் மருமகள். போனை மறந்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போயிருந்தேன்.

இதைத் தட்டும்போதுதான் அவளுக்கே தெரிகிறது. கை நின்றுவிட்டது.

“அந்த விலாசத்தை அடைக்கலைம்மா,” என்கிறாள்.