பச்சை நிற ரிப்போர்ட்

எச்சிலைக் குழாயில் பிடித்து அனுப்பினால், மரபணுவைப் பார்த்து எந்த நோய் வரும், வராது என்று சொல்வார்களாம். சித்தூரில் வேலை செய்யும் எங்கள் மகள் அந்தப் பரிசோதனைக் கிட்டை அம்மாவுக்கு வாங்கித் தந்தாள். என் மனைவிக்கு நான்கு வருடமாகச் சர்க்கரை. ரிப்போர்ட்டிலோ சர்க்கரைக்கு நேரே பச்சை நிறம்.

“பச்சைன்னா உனக்கு சுகரே இல்ல. மாத்திரைய நிறுத்து” என்றேன்.

“டாக்டருக்குத் தெரியாதது என் எச்சிலுக்குத் தெரிஞ்சிடுச்சா?” என்று சிரித்தாள். ஆனாலும் என் பேச்சைக் கேட்டு நிறுத்தினாள்.

மூன்றாம் வாரம் திருப்பதிப் பெருமாளைச் சேவிக்கக் கிளம்பினோம். பஸ் வழியில் புத்தலப்பட்டு ஊரைத் தாண்டியதும் என் தோளில் மயங்கிச் சரிந்தாள்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் அவள் கண் திறந்ததும், “சுகர் இப்படி ஏறிக் கிடக்கே, மாத்திரைய யாரும்மா நிறுத்தச் சொன்னது?” என்று டாக்டர் அதட்டினார்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. “நான்தான் சார் மறந்துட்டேன்” என்றாள். நான் வாய் திறக்கவில்லை.

அந்தப் பச்சை, நோய் வரும் வாய்ப்பு குறைவு என்பதற்குத்தான், வந்துவிட்ட நோய் இல்லை என்பதற்கு அல்ல என்று மகள் பிறகு சொன்னாள்.

குணமானதும் மலைக்குப் போனோம். சந்நிதியில் அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “டாக்டர்கிட்ட பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிடு சாமி” என்றாள்.

பக்கத்தில் கைகூப்பி நின்ற நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவ்வளவு தூரம் போயும் பெருமாளைப் பார்க்க எனக்கு முகமில்லை.