தலை தூக்கி நீந்திய பிள்ளை

மகளுக்கு நீந்தப் பழக்கியது நான்தான். ஆரையம்பதிப் பக்கம் வாவியில் நீந்துகிற நாங்கள் முகத்தைத் தண்ணீருக்குள் வைப்பதில்லை. மீன்வலை கட்ட ஊன்றிய கம்பு இருக்கும், எப்போதாவது முதலையும் இருக்கும். நாலு கை போட்டால் ஒருதரம் தலையைத் தூக்கி முன்னுக்குப் பார்க்க வேண்டும். நான் தோணியில் கம்பூன்றி முன்னே போவேன். தலை தூக்கும்போதெல்லாம் என்னைக் கண்டு சிரிப்பாள்.

பன்னிரண்டு வயதில் பாடசாலை அணிக்கு எடுத்து, நகரத்து நீச்சல் தடாகத்துக்கு அனுப்பினார்கள். அங்கேயும் இவள் தலை தூக்குவதைக் கண்டு, பயிற்சி கொடுக்கிற மிஸ் முதல் நாளே எல்லோருக்கும் முன்னால் கேட்டாராம்: "என்ன புள்ள, இங்கயும் முதலை தேடுறியா?"

அன்றிலிருந்து மற்றப் பிள்ளைகளுக்கு இவள் பெயர் முதலை. காலையில் வயிற்றுக்குத்து என்று படுக்கத் தொடங்கினாள். மூன்றாவது கிழமை, இனிப் போகமாட்டேன் என்றாள்.

நாலு பேருக்கு முன்னால் எனக்கு வாய் வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், மிஸ்ஸிடம் என்ன பேசுவது? இரண்டு பின்னேரம் சைக்கிளைப் பிடித்தபடி தடாகத்து வேலிக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பினேன். மூன்றாம் நாள் உள்ளே போனேன்.

"பிழை அவள்ல இல்ல மிஸ். நான்தான் அப்படிப் பழக்கினன்."

வலைக்கம்பையும் முதலையையும் பற்றிச் சொன்னேன். மிஸ் வேறு ஊர். வாவியில் இறங்கியதே இல்லையாம். நாளைக்குப் பிள்ளையைக் கூட்டி வரச் சொன்னார்.

மறுநாள் எல்லாப் பிள்ளைகளும் நிற்கும்போதே மகளிடம் சொன்னார்: "நான் அண்டைக்குக் கேட்டது பிழை. வாவியில நீ பாக்கத்தான் வேணும். இங்க முன்னுக்கு நிண்டு நான் பாக்கிறன். நீ தலைய தண்ணிக்குள்ள வை."

வைத்தாள். மூச்செடுக்கப் பக்கவாட்டில் திரும்பினாளே தவிர, அடுத்த கரை வரும்வரை தலையைத் தூக்கவில்லை.

இப்போது கொழும்பில் விடுதியில் இருக்கிறாள். போட்டியில் தோற்ற அன்றும், வென்ற பிள்ளை எப்படி நீந்தினாள் என்றுதான் போனில் முதலில் சொல்வாள். புதிதாய் வருகிற சின்னவர்களை யாரும் நக்கலடிக்க விடமாட்டாளாம்.

போன லீவுக்கு வந்தபோது வாவியில் இறங்கினாள். நான் பழையபடி தோணியில் முன்னே போனேன். முகம் தண்ணீருக்குள்ளேயே இருந்தது. கம்பு இருக்கு, பார்த்து வா மகள் என்று கத்தினேன். ஒருதரம் நின்றாள்.

"நீங்க பாக்கிறீங்கதானே அப்பா."

சொல்லிவிட்டுத் திரும்பவும் முகத்தை வைத்துக்கொண்டாள்.

கம்புகளைப் பார்த்துக்கொண்டுதான் போனேன். ஆனாலும் கரை சேரும்வரை, அந்த முகம் இன்னொருதரம் மேலே வராதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.