பகலெல்லாம் குறட்டை

நீங்கள் ரெண்டு பேரும் ரொம்பச் சின்னவர்களாக இருந்தபோது, அப்பா என்றால் உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிற ஆள். மற்ற நாட்களில் நீங்கள் கண் விழிப்பதற்கு முன்பே ரயிலைப் பிடித்து பெங்களூர் போய்விடுவேன். அங்கே ஒரு டிசைன் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு, ஊதுபத்தி டப்பா என்று எதற்குப் படம் கேட்டாலும் போட்டுக் கொடுப்பேன். திரும்பி வரும்போது நீங்கள் தூங்கியிருப்பீர்கள். ஒரு நாள் சீக்கிரம் வந்துவிட்டேன். சின்னவன் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி, "அம்மா, யாரோ மாமா வந்துகிறாரு" என்றான்.

உங்கள் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கே மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன், வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று.

கடையில் புது மிஷின்கள் வந்ததால் பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் ஒரு பிரிண்டரையும் எனக்குத் தள்ளிவிட்டார்கள். வேலை கொடுக்க ஆள் வேண்டுமே? பக்கத்து ஊரான பங்காருபேட்டையில் ஒரு அச்சகத்து முதலாளி இருந்தார். அவரிடம் போய் நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இத பாருப்பா. வீட்ல உக்காந்து வேல செய்றேன்னு சொல்றவன் எல்லாம் பாய விரிச்சிப் படுத்துக்குவான். ஒண்ணு குடுக்கறேன், பாக்கலாம். பன்னெண்டு மாசத்துக்கும் காலண்டரு, தமிழு, கன்னடம், தெலுங்கு மூணுலயும். தசராவுக்குள்ள சரியா வந்துட்டா வருஷம் பூரா என் பிரஸ் வேல உனக்கு. வரலன்னா நீ உன் ரயிலப் பாத்துக்க."

கடையில் லீவு சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தேன். நந்திதுர்க்கில் சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய, நாம் இருந்த லைன் வீடு உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். நடுச்சுவர் கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் நமக்குத் தும்மல் வரும். முதல் வாரம் ஒரு பக்கம்கூட நகரவில்லை. வாசலில் கிரிக்கெட், குழாயடியில் சண்டை, நாலு வீட்டு ரேடியோவில் நாலு பாட்டு, கழுத்து மணியை ஆட்டிக்கொண்டு தெருவை அளக்கும் ஓர் ஆடு. போதாததற்கு, பகலில் ஓர் ஆம்பளை சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று ஆளாளுக்கு வேலை வைத்தார்கள். "அண்ணா, சிலிண்டர கொஞ்சம் தூக்கி வைங்க." "அண்ணா, பல்பு போயிடிச்சி." காலண்டரில் ஜனவரி மாதத்தின் முதல் வாரத்திலேயே நான் நின்றுகொண்டிருந்தேன்.

வேறு வழியில்லாமல் ஊர் எழுவதற்கு முன் எழுந்து வேலை செய்யப் பழகினேன். ஒரு நாள் விடிந்ததும் பல் தேய்க்க வெளியே வந்தேன். திரையையே பார்த்துப் பார்த்துக் கண் ரெண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. பக்கத்து வீட்டு அக்கா குடத்தை இடுப்பில் வைத்தபடி என்னை உற்றுப் பார்த்தார். "ஐயோ பாவம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று காலையிலிருந்து லைனே மாறிவிட்டது. கிரிக்கெட் பந்து சத்தம் இல்லை. ரேடியோ இல்லை. குழாயடியில் சண்டை நடந்தது, ஆனால் கிசுகிசுவென்று நடந்தது. ரெண்டு பேர் கையை நீட்டி நீட்டித் திட்டிக்கொள்வது ஜன்னல் வழியாகத் தெரிகிறது, காதில் ஒன்றும் விழவில்லை. கீரைக்காரம்மா ஒவ்வொரு வாசலிலும் குனிந்து, ரகசியம் சொல்வதுபோல, "கீரை... முளைக்கீரை..." என்று சொல்லிக்கொண்டு போனார். ஆட்டின் கழுத்தில் மணியைக் காணோம்.

எனக்குப் பயமாகப் போய்விட்டது. யாராவது செத்துவிட்டார்களா என்று உங்கள் அம்மாவைக் கேட்டேன். அவள் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு, சிரிப்பில் குலுங்கிக் குலுங்கிச் சொன்னாள்.

"உங்களுக்கு நைட் ஷிப்டாம். யக்கா கண்டுபுடிச்சி லைன் பூரா சொல்லிட்டாங்க. கடைசி ரயிலுக்குப் போயி விடியறப்போ வர்றீங்களாம். பெங்களூர்ல இப்பல்லாம் அப்படித்தானாம்."

நம் ஊரில் இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது, தெரியுமா? கோயிலில் சாமி தூங்கினால்கூட மணி அடித்து எழுப்புவார்கள். சுரங்கத்தில் நைட் ஷிப்டு பார்த்துவிட்டு வந்து தூங்குகிறவனை யாரும் எழுப்பமாட்டார்கள். அந்த அக்காவின் அப்பா, மாமனார், வீட்டுக்காரர் எல்லோரும் மைன்ஸில் இருந்தவர்கள். பகலில் வீட்டுக்குள் இருக்கும் ஆம்பளை தூங்குகிறான் என்பதைத் தவிர வேறு எதையும் அவரால் நினைக்க முடியாது.

நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். காலண்டர் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

அடடா, அந்த அமைதியில் வேலை ஓடிய ஓட்டம்! பிப்ரவரி முடிந்தது, மார்ச்சில் யுகாதிக்கு மாவிலைத் தோரணம் கட்டினேன், ஏப்ரலில் தமிழ்ப் புத்தாண்டுக்கு மாம்பழம் வைத்தேன். மூன்று எழுத்துகளும் ஒன்றையொன்று இடிக்காமல் உட்கார்ந்தன. எனக்கே கர்வம் வந்தது. தும்மல் வந்தால் மட்டும் தலையணையில் முகம் புதைத்துத் தும்ம வேண்டியிருந்தது.

பிரிண்டர்தான் தொல்லை. அது ஊசியால் குத்திக் குத்தி அச்சடிக்கும் பழைய சாதி. ஒரு வரிக்கு 'க்ர்ர்ர்ர்' என்று இழுக்கும், மூச்சு வாங்கும், மறுபடி 'க்ர்ர்ர்ர்' என்று இழுக்கும். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு டம்ளரோடு வந்தார். உள்ளே கதவுக்குப் பின்னால் நான் மூச்சுவிடாமல் நின்றேன்.

"இன்னாமா இது, உங்க ஊட்டுக்காரரு இப்படிக் குறட்ட உடறாரு? செவுரே அதிருது. மிளகு கஷாயம் வச்சி எடுத்துனு வந்துகிறேன். சுடச்சுட குடு."

சின்னவனே, நீ அப்போது உண்மையைப் போட்டு உடைக்கப் பார்த்தாய். "பெரிம்மா, எங்கப்பா தூங்கல. தசராவுக்கு யானை வரையுறாரு" என்றாய்.

"கனவுல வரைவாரு கண்ணு" என்றார் அக்கா.

கஷாயத்தைக் கண்ணில் நீர் வரக் குடித்தேன். அதற்குப் பிறகு பிரிண்டர் ஓடிய தினமெல்லாம் கஷாயம் வந்தது.

தசரா நெருங்கியது. காலண்டர் முழுதும் முடிந்து, ஒருமுறை சரிபார்ப்பதற்காகப் பன்னிரண்டு மாதத்தையும் சேர்த்து ஓடவிட்டேன். அந்தப் பேப்பர் ஒன்றோடொன்று ஒட்டி மடிப்பு மடிப்பாக நீளமாக வரும். வெளியே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. சொல்லாமல் கொள்ளாமல் அச்சகத்து முதலாளியே வந்து நிற்கிறார்!

"இங்க டிசைன் பண்றவரு வீடு எது?"

"ஷ்ஷ்... மெல்ல பேசுங்க" என்றது அக்காவின் குரல். "தூங்குறாரு."

"இந்நேரத்துல தூங்குறாரா?"

"டெய்லி இப்படித்தான். காலைல படுத்தா சாயந்திரம்தான். வேணும்னா நீங்களே கேளுங்க."

பிரிண்டர் அந்த நேரம் பார்த்து நீளமாக ஒன்றை இழுத்தது. க்ர்ர்ர்ர்.

"நெனச்சேன்" என்றார் முதலாளி. "நல்லாத் தூங்கட்டும். எழுந்தா பெங்களூர் ரயிலு எப்பவும்போல ஓடுதுன்னு சொல்லிடும்மா." ஸ்கூட்டரை உதைக்கும் சத்தம் கேட்டது.

எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. பேப்பரின் முன்முனையைப் பிடித்துக்கொண்டு அப்படியே வெளியே ஓடினேன். லுங்கி, பனியன், கையில் ஜனவரி. பின்னால் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் எல்லாம் மடிப்பு பிரிந்து, நடை தாண்டி, வாசல் தாண்டி, கல்யாண ஊர்வலம்போல என் கூடவே வந்தன.

"அண்ணா! முடிஞ்சிடிச்சிண்ணா! பாருங்கண்ணா!"

முதலாளி திகைத்துப்போய் நின்றார். அக்கா என்னைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். உள்ளே க்ர்ர்ர்ர் ஓடிக்கொண்டிருந்தது.

"யம்மாடி! இவரு இங்க நிக்கிறாரு. அப்ப உள்ள குறட்ட உடறது யாரு?"

முதலாளி ஜனவரியைக் கையில் வாங்கினார். ஒவ்வொரு மாதமாகப் படித்துக்கொண்டே நடந்தார். செருப்பை வாசலில் ஏப்ரலுக்குப் பக்கத்தில் கழற்றினார். ஜூலையில் நின்று ஒரு தெலுங்கு எழுத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "ம்" என்றார், ஆகஸ்ட்டுக்குப் போனார். மணி இல்லாததால் ஆடு வந்ததை யாரும் கவனிக்கவில்லை. அது வாசலில் கிடந்த மார்ச்சை மாவிலைத் தோரணத்தோடு மென்றுகொண்டிருந்தது. பெரியவளே, நீதான் அதன் வாயிலிருந்து யுகாதியைப் பிடுங்கினாய்.

டிசம்பர் பிரிண்டரிலிருந்து அப்போதுதான் வெளியே வந்துகொண்டிருந்தது. அது முடியும் வரை முதலாளி குனிந்தே நின்றார். நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"யோவ், தூங்கினே இவ்ளோ செய்றவன், முழிச்சினு இருந்தா என் பிரஸ்ஸையே வாங்கிடுவ போலகீது! போ, வருஷம் பூரா வேல உனக்குத்தான்."

லைனே வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. அக்கா பிரிண்டரை ஒரு தட்டு தட்டி, "தூ, உனக்கா நான் கஷாயம் காச்சினேன்?" என்று கேட்க, சிரித்த சிரிப்பில் அம்மாவுக்கு விக்கல் பிடித்துக்கொண்டது.

எல்லோரும் போனபின் சின்னவன் என் மடியில் ஏறி உட்கார்ந்தான்.

"அப்பா, நாளைக்கு ரயிலுக்குப் போவியா?"

"போகமாட்டேன். வீட்லதான் வேல."

"நாளன்னிக்கு?"

"வீட்லதான்."

"ஞாயித்துக்கெழம?"

"அன்னிக்கு வேல இல்ல. லீவு."

அவன் முகம் வாடிவிட்டது. "அப்ப ஞாயித்துக்கெழம மட்டும் வீட்ல இருக்கமாட்டியா?"

அவனுக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல், அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ரெண்டு பேரையும் அம்மாவையும் ரயிலில் ஏற்றிப் பங்காருபேட்டை வரை கூட்டிப்போனேன். ஜன்னல் சீட்டுக்கு நீங்கள் ரெண்டு பேரும் போட்ட சண்டையில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.