நிண்டுகொண்டாவது வா

குலசேகரம் இருந்த இடத்தில் இருக்கத் தெரியாத மனிதர். லண்டன் நோர்பரியில் அவருடைய வீட்டுக்குப் போனால் உங்களைக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டு, தான் ஜன்னலுக்கும் குசினிக்கும் நடந்தபடியே கதைப்பார். தேத்தண்ணியையும் நின்றபடிதான் குடிப்பார். "இந்த மனுசனுக்குக் காலிலை சில்லுப் பூட்டியிருக்கு" என்று மனைவி சிவனேஸ்வரி சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

அகதியாக வந்து, பெற்றோல் நிலையங்களில் வேலை பார்த்து, கடைசியில் தென்லண்டன் ரயில் நிலையம் ஒன்றில் பிளாட்போம் வேலை கிடைத்தபோது, ஆளுக்கேற்ற வேலையாகவே அது அமைந்துவிட்டது. நடக்கலாம், கை காட்டலாம், சத்தம் போடலாம். ரயில் பிந்தினால் சனம் அவரைத்தான் ஏசும். "சிக்னலிலைதான் பிழை. ரெயினிலை பிழையில்லை" என்று தன்னுடைய ஆங்கிலத்தில் மல்லுக்கட்டுவார். சொந்தத் தம்பியைக் குறை சொன்னாலும் அவருக்கு அவ்வளவு ரோசம் வராது.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. சம்பளமில்லாமல் ஒரு நிமிடம் வேலை செய்யமாட்டார். ஸ்ட்ரைக் என்றால் பதாகையோடு வாசலில் முதல் ஆளாக நிற்பார். அந்த நாட்களின் சம்பளம் வெட்டுப்படுகிறதே என்று சிவனேஸ்வரி முணுமுணுத்தால், "அது மானம் கண்டியோ" என்பார்.

அப்படிப்பட்டவருக்கு மகனாக வாய்த்தவன் நிசாந்தன். கலியாணம் கட்டி அமெரிக்கா போய், வாஷிங்டன் பக்கத்து விமான நிலையமொன்றில் பயணிகளின் பைகளைச் சோதிக்கும் அரசாங்க வேலையில் இருந்தான். இந்த ஐப்பசியில் அங்கே செலவுக்குப் பணம் ஒதுக்கும் சட்டம் நிறைவேறாமல் அரசாங்கமே முடங்கிப்போனது. விமான நிலையத்தை அப்படிப் பூட்டிவைக்க முடியுமா? சம்பளம் பிறகு வரும், வேலைக்கு மட்டும் இப்போதே வா என்றார்கள். அவனும் போனான். அதைக் கேட்டதும் குலசேகரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சும்மா வேலை செய்யிறியோ? எல்லாரும் சேந்து ஸ்ட்ரைக் அடியுங்கோவன்ரா!"

"எங்களுக்கு ஸ்ட்ரைக் அடிக்கேலாது அப்பா. சட்டம் விடாது."

"அப்ப சுகமில்லையெண்டு சொல்லு."

"கன பேர் அப்பிடிச் சொல்லித்தான் வீட்டிலை நிக்கினம். மிச்ச ஆக்கள் டபிள் ஷிப்ட் செய்யினம். நானும் நிண்டா அவையின்ர கதி என்ன?"

இந்த நியாயம் அவருக்கு ஏறவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய கவலை ஒன்று அவரை நடக்க வைத்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை லண்டன் சட்டனில் ஒரு மண்டபத்தில் மகள் கஜந்தினிக்குக் கலியாணம். எங்களுடைய யாழ்ப்பாணக் கலியாணத்தில் பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைத் தோழன். மண்டப வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவிக் கைபிடித்து அழைத்து வருவது அவன். மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவார். கஜந்தினிக்கு இருப்பது ஒரே அண்ணன். "அண்ணா வராட்டி நான் மணவறைக்கே வரமாட்டன்" என்று அவள் பகிடிபோலச் சொன்னாள். முகத்தில் பகிடி இல்லை.

நிசாந்தன் மன்றாடி நாலு நாள் லீவு வாங்கியிருந்தான். ஆனால் கலியாணத்துக்கு முந்திய வியாழக்கிழமை அவனுடைய விமானம் ரத்தானது. விமானங்களுக்கு வழி சொல்லும் ஆட்களும் சம்பளமில்லாமல் களைத்துப்போக, பறப்புகளையே குறைத்துவிட்டார்கள். ஒருவாறு சனிக்கிழமை பின்னேரம் நியூயோர்க்கிலிருந்து புறப்படும் விமானத்தில் இடம் பிடித்தான். நியூயோர்க்குக்கு ரயிலில் போகவேண்டும்.

"அப்பா, ரெயின் ரிக்கெற் நெருப்பு விலையாக் கிடக்கு. இப்பவே போடட்டோ?"

ரயில் என்றதும் குலசேகரம் நெஞ்சை நிமிர்த்தினார். "உனக்கென்ன விசரோ? சம்பளமும் இல்லாமல். அண்டைக்கு ஸ்டேஷனிலை எடுக்கலாம். பிளேனிலைதான் இடமில்லையெண்டு சொல்லுவாங்கள். ரெயினிலை ஆரும் அப்பிடிச் சொல்லிக் கேள்விப்பட்டனியோ? நிண்டுகொண்டாவது வா."

லண்டனில் அது சத்தியமான பேச்சு. காலையில் கதவு மூட இடமில்லாமல் ஏறும் சனத்தை உள்ளே தள்ளி அனுப்புகிறவர் அவர்தானே. ஆனால் நியூயோர்க் போகும் அந்த ரயிலில் இருக்கை பதிந்தவருக்கு மட்டும்தான் இடம். விமானம் கிடைக்காத சனமெல்லாம் அந்த இருக்கைகளை அள்ளிக்கொண்டுவிட்டது.

சனிக்கிழமை வீடு நிறையப் பலகாரமும் விருந்தாளிகளும் இருந்த நேரத்தில் போன் வந்தது. "எல்லா ரெயினும் ஃபுல் அப்பா."

"நிண்டுகொண்டு..."

"நிக்க விடமாட்டினமாம். பஸ்ஸிலை பாக்கிறன்."

நீங்கள் சொல்லித்தானே என்று அவன் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் இவருக்குச் சுகமாக இருந்திருக்கும். அவன் ஏசவில்லை. குலசேகரம் தோட்டத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். "என்னப்பா, என்ன நடந்தது?" என்று சிவனேஸ்வரி கேட்டதற்கு, "பஸ்ஸிலை வாறானாம்" என்றார். மிச்சத்தை விழுங்கிவிட்டார். பஸ் நெரிசலில் மாட்டியது, விமானம் போய்விட்டது, அடுத்ததில் இடம் கிடைக்குமா என்று காத்திருக்கிறேன் என ஒரு செய்தி வந்தது. பிறகு அவனுடைய போன் ஓய்ந்துவிட்டது.

ஞாயிறு காலை மாப்பிள்ளை மேளதாளத்தோடு வாசலில் வந்து நின்றார். நிசாந்தனுக்குப் பதிலாகத் தோழனாகத் தலைப்பாகை கட்டி நின்றவன் குலசேகரத்தின் தம்பி மகன் சுஜீத். செம்பைக் கையில் வைத்துக்கொண்டு குலசேகரம் வீதியையே பார்த்தார்.

"ஒரு அஞ்சு நிமிசம் ஐயா."

"நல்ல நேரம் போகுது" என்றார் ஐயர்.

மாப்பிள்ளையின் காலைக் கழுவச் செம்பைச் சுஜீத்திடம் கொடுத்தபோதும் அவர் வீதியைத் திரும்பிப் பார்த்ததில் தண்ணீர் வேட்டியில் சிந்தியது. சுஜீத்தின் விரலில் மோதிரம் ஏறியது.

வாசலில் அந்த ஈரம் காய முதல் நிசாந்தன் வந்து சேர்ந்தான். கசங்கிய சட்டை, வீங்கிய கண். சிவனேஸ்வரியின் தமக்கை தவநாயகி ஊரைக் கூட்டுகிற குரலில், "ஏன்ரா தம்பி, உன்ர தங்கச்சியின்ர கலியாணத்துக்கே பிந்தி வாறாய்?" என்று பிடித்துக்கொண்டார்.

நிசாந்தன் தகப்பனை ஒருமுறை பார்த்தான். "ரெயின் லேட் பெரியம்மா."

தகப்பனும் தலையை ஆட்டிவிட்டால் போதும். அத்தனை பேரும் ரயிலைத் திட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். குலசேகரம் மணவறையைப் பார்த்தார். கஜந்தினி அண்ணனைக் கண்டு, போட்ட அலங்காரம் கரையக் கரைய அழுதுகொண்டிருந்தாள்.

"ரெயினிலை பிழையில்லை!" பிளாட்போமில் போடுகிற அதே சத்தம், நாதஸ்வரத்தையும் தாண்டிக் கேட்டது. "அது நேரத்துக்குத்தான் போனது. நான்தான் இவனை ரிக்கெற் எடுக்க விடேல்லை."

மேளம் அடிக்கிறவர்கூட ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். ஜன்னலுக்குப் போவதா, வாசலுக்குப் போவதா என்று தெரியாமல் குலசேகரம் தடுமாறினார்.

நிசாந்தன் ஒரு கதிரையை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டான்.

"நிண்டது காணும். இருங்கோ அப்பா" என்று சொல்லிவிட்டுத் தங்கச்சியிடம் போனான்.

குலசேகரம் இருந்தார்.