நெல்லுக்குள் காது மிஷின்

முழங்கை வரை நெல்லுக்குள் போனபோதுதான் அந்த வார்த்தை எனக்குப் புரிந்தது: ஃபீல் அரவுண்ட். அன்று காலை போனில் ஸ்போக்கன் இங்கிலீஷ் பாடம் பார்க்கும்போது அங்கேயே நிறுத்திவிட்டேன். ஃபீல் என்றால் மனசு சம்பந்தப்பட்டது என்றுதான் அதுவரை நினைப்பு. ‘ரொம்ப ஃபீல் பண்ணாதே’ என்றுதானே சொல்கிறோம்? இது கண்ணுக்குத் தெரியாததைக் கையால் துழாவித் தேடுவதாம். நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதியதோடு சரி.

மத்தியானம் களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று ராஜகிரிக் கோட்டைக்கு மேலே வானம் கறுத்தது. நைனா, சித்தி, நான், மூன்று பேரும் ஓடி ஓடிக் குவித்தோம். நடுவில் நைனா தலைத்துண்டை அவிழ்த்து உதறிக் கட்டினார். அப்புறம் நான் கூப்பிட்டதற்கு அவர் திரும்பவே இல்லை. அவர் வலது காதைப் பார்த்தேன். காது மிஷினைக் காணோம்.

இடது காது எப்போதோ போய்விட்டது. மிஷின் இல்லாவிட்டால் பின்னால் வரும் லாரி ஹாரன்கூட அவருக்குக் கேட்காது. தினமும் சைக்கிளில் போவதோ திருவண்ணாமலை ரோட்டில்.

“நைனா, மிஷின் எங்க?” காதைத் தொட்டுக் காட்டினேன்.

“இன்னாது, இடியா? இடிக்கட்டும், நீ தார்ப்பாய எடு!”

அடுத்து நான் செய்ததுதான் பெரிய தப்பு. காயும் நெல்லைக் காலை இழுத்து இழுத்து நடந்துதான் கிளறிவிடுவோம். மிஷினைத் தேடும் பதற்றத்தில் கால் தானாக அதையே செய்தது. குவியல் மேலேயே நாலு சுற்று வந்த பிறகுதான் உறைத்தது. மேலே கிடந்திருந்தால்கூட இப்போது அடியில் போயிருக்கும்.

“மிதிச்சி ஒடைச்சிடாதடி! படிச்ச பொண்ணுதான நீ?” என்று சித்தி கத்தினார்.

மண்டி போட்டுக் கையை உள்ளே விட்டேன். எடுத்த பள்ளத்தை நெல் உடனே மூடிக்கொண்டது. கண்ணால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கல். வைக்கோல் துண்டு. மறுபடி கல். நெல்லின் சுணை கையெல்லாம் அரித்தது. பயத்தில் காலைப் பாடம் வாயில் வந்தது: “ஐ ஆம் ஃபீலிங் அரவுண்ட் ஃபார்...”

“இங்கிலீசுல கூப்ட்டா எழுந்து வந்துடுமா அது? கையை ஆழமா வுடு!” என்றார் சித்தி.

முதல் தூறல் முதுகில் விழுந்தபோது விரலில் வழவழப்பாக ஏதோ பட்டது. வளைந்திருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு இழுத்தேன். மிஷின்தான்!

நெல்லைத் தார்ப்பாயால் மூடியதும் நைனா மிஷினைக் காதில் மாட்டினார். “கேக்குதா?” என்றேன்.

என் வாயையே பார்த்தார். “இன்னா?”

மிஷினின் குழாய்க்குள் நெல் தூசு அடைத்திருந்தது. ஊதிப் பார்த்தேன், வரவில்லை. ஊசியால் குத்தவும் பயம். வாங்கும்போது மிஷினோடு, அதைச் சுத்தம் பண்ண ஒரு குட்டி பிரஷ் கொடுத்தார்கள். பீரோவுக்கு மேலே, கை மட்டும் எட்டும் மூலையில் எங்கோ போட்டிருக்கிறேன். முதலில் அதை எடுக்க வேண்டும். அப்புறம் நைனாவுக்குப் பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதுவரை சைக்கிள் சாவி என்னிடம்தான்.