பென் டிரைவில் மாட்டிக்கொண்ட மணமேடைகள்

போன வாரம் மெட்ரோவில் நின்றுகொண்டே வசந்தாவின் வெப்சைட்டைத் திறந்தேன். பகீர் என்றது. ஒரு படம்கூட இல்லை. வரிசையாகக் காலிக் கட்டங்கள்... ஒவ்வொன்றுக்குள்ளும் ஏதோ பொடி எழுத்து.

வசந்தா அல்சூரில் எங்கள் தெருக்காரி. கல்யாண மண்டபங்களில் மணமேடை அலங்காரம் செய்கிறவள். இதுவரை எல்லாமே ஒரு கான்ட்ராக்டருக்குக் கீழே. மேடையைக் கட்டுவது இவள், ஓரத்தில் வைக்கும் போர்டில் பெயர் அவருடையது. இனி சொந்தப் பெயரில்தான் தொழில் என்று முடிவெடுத்தாள். லேப்டாப்பில் ஒரு வெப் டிசைன் சாஃப்ட்வேரைப் போட்டுத் தானே உட்கார்ந்து தளத்தைச் செய்தும் விட்டாள். சந்தேகம் வந்தால் எனக்கு போன். ஐ.டி.யில் வேலை பார்க்கிறவன் என்றால் தெருவுக்கே இலவச சர்வீஸ் சென்டர், இல்லையா?

உடனே கூப்பிட்டேன்.

"வசந்தா, படமெல்லாம் எங்கே?"

"இருக்குதேண்ணா! என் எதிர்லயே பளபளன்னு இருக்குது. உங்க போன்ல நெட்டு இல்லியா?"

"நெட்டெல்லாம் இருக்கு. யாருக்காவது லிங்க் அனுப்பிட்டியா?"

"ஜெயநகர் அம்மாவுக்குக் காலையிலயே அனுப்பிட்டேன்."

போச்சு! ஜெயநகர் அம்மா, மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பவர். கான்ட்ராக்டரை விட்டுவிட்டு வசந்தாவையே தேடி விசாரித்த முதல் ஆள். 'செய்ததைக் காட்டு, அப்புறம் பேசலாம்' என்றிருந்தார். மேடை அலங்காரம் செய்கிறவள் படமே இல்லாத வெப்சைட்டை அனுப்பினால் யார் ஆர்டர் கொடுப்பார்கள்?

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அவள் வீட்டுக்குத் திரும்பினேன். லேப்டாப்பைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. பக்கவாட்டில் ஒரு பென் டிரைவ் செருகியிருந்தது. படங்கள் மொத்தமும் அதற்குள்.

"படத்தைச் சேர்க்கும்போது, வெப்சைட்டோட ஃபோல்டருக்குள்ள காப்பி பண்ணட்டுமான்னு கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு. ஒவ்வொரு தடவையும் கேட்டுச்சு. எதுக்கு ரெண்டு இடத்துல, சும்மா இடத்தை அடைக்கும்னு 'நோ' குடுத்துட்டேன்."

சாஃப்ட்வேருக்கு என்ன, சொன்னதைச் செய்யும். 'படம் பென் டிரைவில் இருக்கிறது' என்று குறித்து வைத்துக்கொண்டது. அவள் லேப்டாப்பில் எல்லாம் ஜோராகத் தெரியும். ஊரார் பார்க்க வேண்டுமானால் அல்சூருக்கு வந்து, அவள் வீட்டில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

பென் டிரைவை உருவிவிட்டுப் பக்கத்தை மறுபடி திறந்து காட்டினேன். மேடைகளைக் காணோம். வசந்தாவின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கே கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் கட்டங்களுக்குள் இருந்த எழுத்தைப் படித்தேன். படத்தைச் சேர்க்கும்போது சாஃப்ட்வேர் ஒரு விவரம் கேட்கும். படம் வராவிட்டால் அந்த விவரம்தான் தெரியும். வசந்தா எழுதியிருந்தது இதுதான் —

'சாமந்தி நிஜம். நடுவில் ரோஜா பிளாஸ்டிக்.'

'மேடை கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. என் தப்பு.'

'லைட் போட்டதால் அழகு. பகலில் இவ்வளவு இல்லை.'

"என்ன வசந்தா இது? வியாபாரம் பண்றியா, வாக்குமூலம் குடுக்கறியா?"

"நீங்கதான சொன்னீங்க... அந்த விவரம் கண்ணு தெரியாதவங்களுக்கு, கம்ப்யூட்டர் அவங்களுக்குப் படிச்சுக் காட்டும்னு. பாக்கறவங்க அவங்களே பாத்துக்குவாங்க. பாக்க முடியாதவங்ககிட்ட போய் பொய் சொல்லலாமாண்ணா?"

நல்லவேளை, அவள் போன் அடித்தது. ஜெயநகர் அம்மா. ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏம்மா, போட்டோ ஒண்ணும் வரலையே. வெறும் எழுத்துதான் இருக்கு."

"சின்ன மிஸ்டேக்கு மேடம், இப்பவே..."

"இரும்மா. ரோஜா பிளாஸ்டிக்னு போட்டிருக்கியே, நிஜமாவா?"

வசந்தா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"ஹௌது மேடம், ஆமா. அன்னிக்கு மார்க்கெட்ல ரோஜா நல்லா இல்ல."

"சாய்ஞ்ச மேடை?"

"முட்டுக் குடுக்காம விட்டுட்டேன். இப்பல்லாம் குடுத்துடறேன்."

அடுத்து லைட்டைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

"நெறைய பேரோடது பாத்துட்டேன்மா. எல்லாத்துலயும் அதே மேடை, அதே பூ. யார் செஞ்சதுன்னே தெரியல. பெரியவ கல்யாணத்துல மல்லின்னு சொல்லி பிளாஸ்டிக்கைக் கட்டிட்டுப் போனாங்க. நீ ஞாயித்துக்கிழமை மண்டபத்துக்கு வந்து அளவு எடுத்துக்கோ."

போனை வைத்ததும் வசந்தா கேட்ட முதல் கேள்வி: "அண்ணா, பேர் போர்டு எவ்ளோ பெருசா வெக்கலாம்?"

படங்களை ஃபோல்டருக்குள் காப்பி செய்து, தளத்தை மறுபடி ஏற்றிவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பினேன். சாயங்காலம் ஜெயநகர் அம்மாவிடமிருந்து வசந்தாவுக்கு மெசேஜ். 'போட்டோ வந்துவிட்டது. நன்றாக இருக்கிறது. நீ எழுதியதை எல்லாம் ஏன் எடுத்துவிட்டாய்?'

எடுக்கவில்லை. படம் வந்துவிட்டால் அந்த விவரம் மறைந்துகொள்ளும். சாஃப்ட்வேரின் வழக்கம் அது. நம்முடையதும்தான்... போட்டோ நன்றாக அமைந்துவிட்டால், பின்னால் இருக்கும் பிளாஸ்டிக்கைப் பற்றி யார் வாயைத் திறக்கிறோம்?

இப்போது வசந்தாவின் தளத்தில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே அந்த வரிகள் பளிச்சென்று இருக்கின்றன. எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. வாரா வாரம் நான் எழுதும் இந்தப் பத்தியின் தலைப்பில் சிரிக்கிறேனே, அந்தப் போட்டோவுக்கும் ஒரு வரி சொல்லேன் என்று அவளைக் கேட்டேன். யோசிக்கவே இல்லை.

"பழைய போட்டோ. இப்ப இவ்ளோ முடி இல்ல."