அக்கா அடித்துவிட்ட பேர்

அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் தேவாலயப் பங்கு மக்களுக்கும் வணக்கம். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். படிக்காவிட்டால் என்ன, கணபதி வட்டாரத்தில் என் வார்ப்புப் பட்டறைக்கு ஈடாக ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

அக்கா அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஓரக் குடிசையில் பிறந்தார். எங்கள் அப்பா சின்னான் அங்கே பண்ணையாள். தோட்டத்து முதலாளியைப் ‘பண்ணாடி’ என்றுதான் நாங்கள் கூப்பிட வேண்டும். பதினாறு வயதில் அக்கா, ஜெர்மன் கன்னியாஸ்திரீகள் இருந்த ஆஸ்பத்திரியில் சமையலுக்குச் சேர்ந்தார். அவர் சம்பளத்தில்தான் நான் தொழில் பழகினேன். அவரோ கேட்டுக் கேட்டே ஜெர்மன் பேசக் கற்றுக்கொண்டார்.

அந்த நாட்டுக் குடும்பப் பேர்களைச் சொல்ல ஆரம்பித்தால் அக்காவுக்கு நேரம் போவது தெரியாது. “ஷ்மிட்னா கொல்லன், வேபர்னா நெசவுக்காரன், மியூலர்னா மாவரைக்கிறவன். பீட்டர்சன்னா பீட்டரு மகன், நம்ம இனிஷியலாட்ட. பாட்டன் பூட்டன் செஞ்ச வேல பேருலயே ஒட்டிக்கிச்சு கண்ணு. ஒருத்தரும் வெக்கப்படறதில்ல” என்பார்.

நான் வெட்கப்பட்டேன். வெளிநாட்டு வியாபாரத்துக்குக் குடும்பப் பேர் வேண்டும் என்றார்கள். நமக்கு ஏது அது? விசிட்டிங் கார்டில் என் பேருக்குப் பின்னால் ‘பண்ணாடி’ என்று பொன்னெழுத்தில் அடித்தேன். பூர்த்தி செய்ய எந்தப் பாரம் வந்தாலும் அதையே எழுதினேன். அக்கா கார்டைப் பார்த்தார், கவிழ்த்து வைத்தார்.

ஒரு நாள் பம்பு வார்ப்புக்கு ஆர்டர் கொடுக்க ஜெர்மனியிலிருந்து ஒருவர் வந்தார். மத்தியானச் சாப்பாடு என் வீட்டில். சம்பந்தி வீட்டாரையும் அழைத்திருந்தேன். என் அக்கா ஜெர்மன் பேசுவார் என்று எல்லோருக்கும் காட்ட வேண்டாமா?

“அக்கா, கேட்டாருன்னா பெரிய பண்ணையக் குடும்பம்னு சொல்லிப்போடுங்க.”

“ஏங்கண்ணு, அப்பன் எந்தத் தோட்டத்துக்குப் பண்ணாடி?”

“இன்னிக்கு ஒரு நாளைக்குங்க அக்கா!”

நான் பயந்தபடியே, வந்தவர் கார்டைத் தூக்கிப் பிடித்து என்னவோ கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு விருந்தாளி பக்கம் திரும்பி நெடுநேரம் பேசினார். எனக்குப் புரிந்தது ஒரே சொல். சின்னான். இரண்டு தரம் வந்தது.

வந்தவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். சம்பந்தி என் முகத்தைப் பார்த்தார். அந்த மனிதர் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அக்கா அதை எல்லோர் காதிலும் விழும்படி தமிழில் சொன்னார்.

“இவரு குடும்பப் பேரு கினெக்ட். பண்ணையாளுன்னு அர்த்தமாம். பள்ளிக்கூடத்துல பசங்க கேலி பண்ணுவாங்களாம். மாத்திக்கலாமான்னு கேட்டதுக்கு, பாட்டன் கஞ்சி குடிச்ச பேருடா அதுன்னு அவங்கப்பன் திட்டுனாராம்.”

ஆர்டர் வந்தது. என் சரக்கின் சுத்தத்துக்கு வந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் சம்பந்தி முன்னால் அக்கா என் மானத்தை வாங்கிவிட்டார் என்று இரண்டு வருஷம் பேசாமல் இருந்தேன். கிறிஸ்துமசுக்கு அவர் கொடுத்தனுப்பிய அதிரசத்தைத் திருப்பி அனுப்பினேன். இதைச் சபையறிய எழுதுகிறேன்.

அக்காவுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான் போனேன். சேர்க்கைப் பாரத்தை என்னிடம் நீட்டினார்கள். அக்கா பேரை எழுதினேன். பழக்க தோஷம், பின்னாலேயே ‘பண்ணாடி’ என்று எழுதிவிட்டேன். அக்கா கையை நீட்டிப் பேனாவை வாங்கினார். ‘பண்ணாடி’யின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

“அப்பன எங்க கண்ணு உட்டுப்போட்டு வந்தே?”

கோட்டுக்குப் பக்கத்தில் சின்னான் என்று எழுதினேன். எழுத்துக் கோணலாகத்தான் வந்தது. அக்கா வாசித்துப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

இரவு பகல் பார்த்துக்கொண்ட நர்ஸ் பிள்ளைகளுக்கும், கடைசி ஜெபம் சொன்ன சாமியாருக்கும், கூட வந்து நின்ற பட்டறை ஆட்களுக்கும், அக்கா மறைவுக்கு ஆறுதலாக ஜெர்மனியிலிருந்து கடுதாசி எழுதிய கினெக்ட் ஐயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கல்லறையில் அக்கா பேருக்குக் கீழே அப்பா பேரை வெட்டியாகிவிட்டது. பட்டறைப் பெயர்ப் பலகையிலிருந்த ‘பண்ணாடி’யையும் போன வாரம் மாற்றிவிட்டேன். வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
அக்காவின் தம்பி,
சின்னான் மகன்.